சவாயிக் கட்டத்தில் நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு டின்

ஞாயிற்றுக்கிழமை, 9 ஜூலை 2023
பிற்பகல் மணி 2.40
வைதேலே, ஆப்பியா

கடிதம் எண்: 7/2023
பொருள்: ஃபெத்தூ உற்பத்தி நிறுவனத்தின் 2022–2023 ஆண்டு விற்பனை, பொருள் வாரியாகவும் பகுதி வாரியாகவும், மற்றும் 25 டிசம்பர் 2016 அன்று நீர் கேட்ட கேள்விக்குப் பதில்.

அன்புள்ள மைத்துனர் ஃபிலிப்போவுக்கு,

இங்கு யாவரும் நலம். ஆக்லாந்தின் ஜூலைக் குளிர் உம்மையும் உமது மனைவி மக்களையும் அண்டாமல் இருக்க வேண்டுமென்று இன்று காலை எட்டு மணி ஆராதனையில் வேண்டிக்கொண்டேன். உமது அக்கா லூபே ஞாயிற்றுக்கிழமை விருந்துச் சாப்பாடு முடிந்து பாயில் உறங்குகிறாள். தெருவும் உறங்குகிறது, நாய்களும் உறங்குகின்றன. நான் ஒருவன் விழித்திருப்பதற்குக் காரணம், ஆறு ஆண்டு ஆறு மாதம் பதினான்கு நாளாக உமக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு பதிலை இன்று சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டது என்பதே.

கேள்வி உமக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. 2016 கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டு முற்றத்தில், போதகர் உட்பட இருபத்து மூன்று பேர் முன்னிலையில், கையில் பன்றி இறைச்சியை வைத்துக்கொண்டு நீர் கேட்டீர்: "அத்தான், எனக்கு ஒரு சந்தேகம். உங்க கம்பெனி டின் பிஸ்கட்டை சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஊரே தூக்கிட்டுப் போறதப் பாத்திருக்கேன். அத எவனாவது தின்னு பாத்திருக்கீங்களா?" அனைவரும் சிரித்தார்கள். போதகர் சற்றுக் கூடுதலாகவே சிரித்தார். 1982 மே 3, திங்கட்கிழமை முதல் அந்த நிறுவனத்தின் விற்பனைப் பதிவேட்டை எழுதி வருபவன் நான். 2012 மார்ச் 30 அன்று ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பிய பிறகும், மாதந்தோறும் ரசீதுகளை அனுப்பி, ஒவ்வொரு ஜூன் மாதமும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஏனெனில் பதினாறு கட்டங்களையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்ப வேறு ஆள் இல்லை. அப்படிப்பட்டவன் அன்று எழுந்து போய்க் கை கழுவினேன்.

பதினாறு கட்டம் என்பதை விளக்கிவிடுகிறேன். நாம் செய்யும் பொருள் நான்கு: டின் பிஸ்கட், சோப்பு, கூரைத் தகரம், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. விற்கும் பகுதியும் நான்கு: ஆப்பியா நகரம், அது இருக்கும் உபோலுத் தீவின் மற்ற ஊர்கள், எதிர்த் தீவான சவாயி, கடல் தாண்டிய பாங்கோ பாங்கோ. நான்கை நான்கால் பெருக்கினால் பதினாறு. இந்தப் பதினாறில் சவாயியின் நான்கு கட்டங்கள் மூன்று ஆண்டாக இளைத்துக்கொண்டே வந்தன. சென்ற ஆண்டு, 2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை, தொழிற்சாலை முற்றத்தில் நான் அறிக்கை வாசித்து முடித்ததும் முதலாளியின் மகள் ஐலினி எழுந்து சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: "சவாயி மூணு வருஷமா கடைசி. இன்னும் ஒரு வருஷம் பாக்குறேன். அடுத்த வருஷமும் கடைசின்னா சலேலோலோங்கா கிடங்க மூடிடலாம்."

சவாயியில் உள்ள அந்தக் கிடங்கை இருபத்தாறு ஆண்டாக நடத்துபவர் உமது மூத்த அக்கா சிலிவா என்பதும், கிடங்கின் பின்புறம் உள்ள இரண்டு அறையில்தான் அவர் குடியிருக்கிறார் என்பதும், கிடங்கு மூடினால் அவர் எங்கு வந்து சேர்வார் என்பதும் உமக்குத் தெரியும். இதையெல்லாம் நம் வீடுகளில் யாரும் யாரையும் கேட்டுத் தீர்மானிப்பதில்லை. 2022 ஜூலை 9 காலையிலேயே லூபே கையில் அளவு நாடாவுடன் என் பதிவேட்டு அறையில் நின்றாள். "அக்கா வந்தா இந்த ரூம்தான். பாய் ரெண்டு விரிக்கலாம். உங்க நோட்டெல்லாம் பன்னிக் கொட்டகைல வச்சுக்கலாம், அங்க காத்து நல்லா வருது" என்றாள். அந்த அறையில் நாற்பத்தோரு ஆண்டின் பதிவேடுகள் தேதி வரிசையில் நிற்கின்றன. சிலிவா மதினியை நான் மதிக்கிறேன். ஆனால் 1979 நவம்பர் 17, எங்கள் திருமணத்தன்று, நான் வாழையிலைத் தட்டைப் பிடித்த விதம் தவறு என்று சொல்ல ஆரம்பித்தவர் இன்னும் முடிக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை, படகில் போய்ப் பார்த்து, அதே நாளில் படகில் திரும்பும் தூரத்தில் அந்த மதிப்பு நன்றாகவே இருந்து வந்தது. ஆகையால் சென்ற பன்னிரண்டு மாதமும் சவாயியிலிருந்து ரசீதுக் கட்டு வரும் ஒவ்வொரு முதல் செவ்வாயும் நான் என்ன மனநிலையில் அதைப் பிரித்திருப்பேன் என்பதை நீர் யூகித்துக்கொள்ளலாம்.

இப்போது இந்த ஆண்டின் விற்பனையைச் சொல்கிறேன்; தயவு செய்து உட்கார்ந்து படிக்கவும். ஆப்பியாவில் கூரைத் தகரம் 18,300 தகடு, சென்ற ஆண்டைவிட நூற்றுக்கு ஆறு கூடுதல். பாங்கோ பாங்கோவில் தண்ணீர்த் தொட்டி 212, நூற்றுக்கு ஒன்பது கூடுதல். உபோலு ஊர்களில் சோப்பு 5,140 பெட்டி. சென்ற ஆண்டும் 5,140 பெட்டி. ஒரு பெட்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த ஒழுங்கைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது. சவாயியில் தொட்டியும் தகரமும் எப்போதும் போல. சவாயியில் சோப்பு மட்டும் 960 பெட்டியிலிருந்து 41 பெட்டியாக விழுந்துவிட்டது. இதற்குக் காரணம் அங்கு இவ்வாண்டு பெய்த மிகுதியான மழையே என்று மார்ச் மாதக் கணக்கின் அடிக்குறிப்பிலேயே எழுதினேன். மழையில் நனைகிறவனுக்குக் குளிக்கும் அவசரம் இருக்காது. ஐலினி அந்தக் குறிப்பை மனத்தில் வாங்கிக்கொண்டு, ஏப்ரல் 18 அன்று, 'தினமும் குளிப்போம்' என்று இருநூறு சுவரொட்டி அச்சடித்துச் சவாயிக்கு அனுப்பினார். சவாயியின் ஊர்த்தலைவர்கள் கூடிப் பேசி, "நாங்க நாறுறோம்னு ஆப்பியாவுல எவன் மோந்து பாத்தான்?" என்று ஒரே ஒரு வரி எழுதி இருநூறையும் மறு படகில் திருப்பி அனுப்பினார்கள். அந்த மனவருத்தம் இன்னும் தீரவில்லை.

ஆனால் சவாயியில் டின் பிஸ்கட், ஃபிலிப்போ, சென்ற ஆண்டு 583. இந்த ஆண்டு 4,212. ஏழு மடங்கு, துல்லியமாக 7.22 மடங்கு. கடைசியில் கிடந்த சவாயி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. ரசீதுகளை மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் அதே எண் வந்தது.

நேற்று முன்தினம், ஜூலை 7, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அறிக்கை வாசிப்பு. சாவு வீட்டில் வந்த சீரை முற்றத்தில் நின்று உரக்கச் சொல்லும் முறையிலேயே நாம் விற்பனையையும் சொல்வது நீர் அறிந்ததே; தோளில் ஈ விரட்டும் சாமரமும் கையில் பேச்சாளர் கோலும் இல்லாமல் நான் ஒரு தகடு தகரம்கூட அறிவித்ததில்லை. 10.12க்கு ஒலிபெருக்கி செத்தது. பரவாயில்லை, எனக்குக் குரல் இருக்கிறது. 10.15க்கு அடுத்த வளவுப் பன்றி ஒன்று பாங்கோ பாங்கோ கட்டத்தின் நடுவே ஓடியது, அதையும் கடந்தேன். 10.20க்கு மழை பிடித்தது. நம் தகரக் கூரையின் கீழ் நம் தகரத்தின் விற்பனையை நான் சொல்லும்போது, நம் தகரம் போட்ட சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காமல் பதினொரு நிமிடம் கோலை ஊன்றியபடி நின்றேன். ஐலினி என் காதருகே வந்து, "தகரம் விக்கும்போது இந்தச் சத்தத்தப் பத்தி யாரும் சொல்லலியே, தாத்தா" என்றார். கனமான தகரம்தான் கனமாகச் சத்தம் போடும் என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.

மழை விட்டதும் சவாயிக் கட்டத்துக்கு வந்தேன். "டின் பிஸ்கட், நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு" என்று சொல்லி நிறுத்தினேன். பிறகு விடியற்காலைப் படகில் வந்திருந்த சவாயிக்காரர்கள் எழுந்து ஆர்ப்பரித்தார்கள். பெண்கள் நால்வர் நடுவில் வந்து ஆடினார்கள். அதில் ஒருவர், எழுபத்து மூன்று வயதில், உமது மூத்த அக்கா சிலிவா. அந்த மகிழ்ச்சியின் நடுவே சரக்கு அனுப்பும் பதிவேடு எழுதும் லஃபயேலே எழுந்து நின்றார். அவருக்கும் எனக்கும் 2003 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை முதல் பேச்சு இல்லை. அன்று என் சிவப்புப் பென்சிலை இரவல் வாங்கியவர் பாதியாகத் திருப்பித் தந்தார். ஆகையால் அவர் என்னைப் பார்த்துப் பேசாமல், பன்றி ஓடிய திசையைப் பார்த்துச் சொன்னார்: "அறுநூறு. நான் சவாயிக்கு ஏத்தி அனுப்பினது அறுநூறு டின்னு. மிச்சம் என்ன கடல்லயா காய்ச்சுது?"

"உக்காருய்யா" என்றார்கள் பின்னாலிருந்து. உமது அக்கா ஆட்டத்தை நிறுத்தாமலே, "நீ அனுப்புறத எழுதுறவன். எங்க மாப்ள விக்கிறத எழுதுறவரு. அவங்கவங்க நோட்ட அவங்கவங்க பாத்துக்கலாம்" என்றார். முற்றமே சிரித்தது. பொறாமை மனிதனை எவ்வளவு சிறியவனாக்குகிறது என்று எனக்கு வருத்தமாக இருந்தது. சற்று நேரம் மட்டும். சலேலோலோங்கா கிடங்கு தொடர்ந்து நடக்கும், புதுச் சாயமும் அடிக்கப்படும் என்று ஐலினி அறிவித்தார். பிறகு சிலிவா மதினி எல்லோர் முன்னிலையிலும் என்னை அழைத்து, சிவப்பு நாடா கட்டிய ஒரு பிஸ்கட் டின்னைத் தலைக்கு மேல் தூக்கி, "இது எங்க வீட்டு மாப்ளைக்கு. நாப்பத்து மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சாரு" என்று அறிவித்துக் கொடுத்தார். அந்த டின் இப்போது என் மேசையில், இந்தக் கடிதத்துக்கு எதிரே இருக்கிறது. என் வாழ்வில் எனக்குக் கிடைத்த கௌரவங்களில் இதை இரண்டாவதாக வைக்கிறேன்.

ஆகவே உமது கேள்விக்கு வருகிறேன். டின் ஒன்றுக்கு நூற்றிருபது பிஸ்கட். 4,212 டின்னுக்கு 5,05,440 பிஸ்கட். சவாயியில், பல் முளைக்காத குழந்தைகளையும் பல் விழுந்த முதியோரையும் சேர்த்துத் தலைக்கு ஏறக்குறைய பன்னிரண்டு பிஸ்கட் வருகிறது. தின்னு பாத்திருக்காங்களா என்று கேட்டீர். தின்று பார்த்தது மட்டுமல்ல, தின்றுவிட்டு மறுபடியும் வந்து வாங்கியிருக்கிறார்கள். 2016ல் நீர் சொன்னதைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம், இருபத்து மூன்று பேருக்கும் காட்டத்தக்க வகையில் தெளிவான எழுத்தில், 31 ஜூலை 2023க்குள் வந்து சேர வேண்டும். போதகருக்குத் தனிப்படி.

உமது பிள்ளைகள் நோய் நொடியின்றி வளரவும், உமது வேலை நிலைக்கவும், உமது கூரை ஒழுகாதிருக்கவும் ஆண்டவர் அருள்புரிவாராக. லூபே எழுந்ததும் அவளது அன்பையும் சேர்த்துக்கொள்வேன். அவள் எழுந்திருக்காவிட்டாலும் சேர்த்ததாகக் கொள்ளவும்.

இப்படிக்கு,
எசேரா லெமானா
(கையொப்பமிட்ட நேரம்: மாலை 4.05)

பின்குறிப்பு: திங்கட்கிழமை, 10 ஜூலை 2023, முற்பகல் 11.20.

ஞாயிறு தபால் நிலையம் மூடியிருந்ததால் மேற்படி கடிதம் என் மேசையிலேயே இருந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

இன்று காலை 6.50க்குக் கோக்கோவுடன் அந்த டின்னைத் திறந்து ஒரு பிஸ்கட் தின்பது என்று முடிவு செய்தேன். லூபே அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அதப் போய் யாராவது திறப்பாங்களா? அடுத்த சாவுக்கு ஆகுமே" என்றாள். திறக்கும் முன் தயாரிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம் என்று டின்னைக் கவிழ்த்தேன். அடியில் சிவப்புப் பென்சிலில், என் கையெழுத்தில், எழுதியிருந்தது: 'எ.லெ. 11-10-2018. 4-இல் 3.' அது உங்கள் மாமா இயோவானே இறந்தபோது நான் ஆப்பியாவில் வாங்கிச் சவாயிக்கு எடுத்துச் சென்ற நான்கு டின்னில் மூன்றாவது. நான் கொடுக்கும் பொருளில் தேதி இடுவது என் வழக்கம் என்பது உமக்குத் தெரியும். என் எழுத்துக்குக் கீழே வேறு ஆறு கைகளின் எழுத்து இருந்தது. கடைசியாக இருந்தது, 'மாங்கெரே குடும்பம், 14-1-2023' என்று, நீர் குடியிருக்கும் ஆக்லாந்துப் பகுதியின் பெயரோடு உமது கோணல் எழுத்து. சவாயியில் தேவாலயத் திறப்புக்கு வந்தபோது இந்த டின்னை வாங்கிக் கொடுத்தவர் நீர்தான், ஃபிலிப்போ.

7.05க்குச் சிலிவா மதினியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மதினி, இந்த டின் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?"

"கிடங்குலேந்துதான். வேற எங்கேந்து வரும்?"

"கிடங்குக்கு எங்கிருந்து வந்தது?"

"சாவு வீட்டுலேந்து. மாப்ள, உங்களுக்குத் தெரியாததா? ஒரு சாவுன்னா வீட்டுக்கு நாலு டின்னு பங்கு வருது. கூடத்துல அடுக்கி வச்சிருக்காங்க. டின்னு இருக்கு, சோப்பு வாங்கக் காசு இல்ல. போன ஜூலைலேந்து நாந்தான் சொன்னேன், திறக்காத டின்னக் கொண்டு வா, ஒரு பெட்டி சோப்பு எடுத்துட்டுப் போ. ரெண்டும் ஒரே விலைதானே. அடுத்த சாவு வந்ததும் ஆக்லாந்துலேந்து காசு வருது, அந்த டின்ன வித்துடுறேன்."

"அதற்கு ரசீது?"

"விக்கிறதுக்கு ரசீது உண்டு. மாத்திக்கிறதுக்கு எதுக்கு ரசீது? ஒருத்தன் காசு குடுக்குறான், டின்னு வாங்கிட்டுப் போறான். அது விற்பனை இல்லியா?"

விற்பனைதான் என்றேன். "அப்படியானால் இந்த ஆண்டில் யாராவது ஒருவர் ஒரு டின்னைத் திறந்து..." என்று ஆரம்பித்தேன். மதினி இடைமறித்து, "மே மாசம் ஒரு டின்னு கீழ விழுந்து தொறந்துகிச்சு. கோழிக்குப் போட்டோம்" என்றார். கோழிகள் தின்றனவா என்று நான் கேட்கவில்லை.

8.15க்குத் தொழிற்சாலைக்குப் போய் லஃபயேலேயின் மேசை முன் நின்றேன். பத்தொன்பது ஆண்டு, பத்து மாதம், இருபத்தாறு நாளுக்குப் பிறகு நான் அவரிடம் சொன்ன முதல் சொல், "அறுநூறு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அதான் வெள்ளிக்கிழமையே சொன்னேனே" என்றார்.

"சவாயிக்குச் சோப்பு எத்தனை பெட்டி அனுப்பினீர்?"

பதிவேட்டை விரலால் தடவிப் பார்த்து, "மூவாயிரத்து அறுநூத்தி அம்பத்து மூணு" என்றார். "நாப்பத்தொண்ணு வித்துச்சுன்னு நீ வாசிச்சப்பவே கேக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள உக்கார வச்சுட்டாங்க."

இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்கிட்டோம். விற்றதாக எழுதிய டின் 4,212. அதில் புதிதாகப் போனது 600. மீதி 3,612 திரும்பி வந்து மறுபடி விற்றவை. திரும்பி வந்த ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு பெட்டி சோப்பு போயிருக்கிறது. 3,612உடன் 41ஐக் கூட்டினால் 3,653. லஃபயேலேயின் எண் அதுவே. சவாயியில் டின்னும் சோப்பும் சேர்ந்த மொத்தம் நான் வாசித்தபடி 4,253; திருத்திய பிறகும் 4,253. ஒரு பெட்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிடங்கு நிற்கிறது. சவாயி இரண்டாம் இடத்தில் நிற்கிறது. தலைக்குக் கணக்கிட்டால், சவாயிக்காரர்கள் நம் சோப்பை மற்ற எவரையும்விட அதிகமாகக் குளித்துத் தீர்த்திருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் நாம் அந்தச் சுவரொட்டியை அனுப்பினோம். எண் சரி, நின்ற கட்டம்தான் தவறு. அறுநூறு என்று மாற்றி எழுத லஃபயேலே பென்சில் கேட்டார். கொடுத்தேன். முழு நீளத்தில், ஆறே முக்கால் அங்குலம்.

ஐலினியிடம் சொல்லிவிட்டோம். அவர் வெகுநேரம் சிரித்தார். வருகிற வெள்ளி, ஜூலை 14, காலை பத்து மணிக்கு அதே முற்றத்தில், அதே கோலுடன், திருத்தத்தை நானே உரக்க அறிவிக்கிறேன். சவாயியின் ஊர்த்தலைவர்களிடம் மன்னிப்பும் கேட்கிறேன். வீட்டுக்கு வந்ததும் லூபே கேட்டது ஒன்றே: "அக்கா வர்றாளா இல்லியா?" இல்லை என்றேன். "அப்ப உங்க நோட்டு இருந்த எடத்துலயே இருக்கட்டும்" என்று அளவு நாடாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

ஆகவே மேற்கண்ட கடிதத்தின் பத்தாம் பத்தி முழுவதும் ரத்து. 31 ஜூலை கெடுவும் ரத்து. போதகரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். 1982 முதல் நாம் செய்த பிஸ்கட்டை யார் தின்றார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஏழு குடும்பத்தின் கையில் புரண்டும், ஒரு நசுங்கல் இல்லாமல், ஒரு துரு இல்லாமல் வந்து சேரும் டின்னை இந்தப் பசிபிக்கில் வேறு எவரும் செய்வதில்லை என்பதை நீரே உமது எழுத்தில் சாட்சி சொல்லியிருக்கிறீர்.

எ. லெ.

இத்துடன் இணைத்துள்ளவை:

1. ஆண்டு விற்பனை அட்டவணை, 7 ஜூலையில் வாசித்தது, ஒரு படி (குறுக்கே கோடிடப்பட்டது).

2. திருத்திய அட்டவணை, ஒரு படி. என் கையொப்பமும் லஃபயேலேயின் கையொப்பமும் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன, கவனிக்கவும்.

3. 'தினமும் குளிப்போம்' சுவரொட்டி, ஒன்று. இன்னும் நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது இருக்கின்றன.

4. மேற்படி டின் பிஸ்கட், ஒன்று, திறக்காதது. தயவு செய்து திறக்க வேண்டாம். அங்கு நம்மவர் வீட்டில் அடுத்து வரும் சாவுக்கோ கல்யாணத்துக்கோ கொடுத்து, கொடுத்த தேதியை அடியில் உமது பெயருக்குக் கீழே எழுதி எனக்கும் தெரிவிக்கவும். அட்டவணையில் ஐந்தாவது பகுதியாக நியூசிலாந்துக்குக் கட்டம் கீறி வைத்திருக்கிறேன்.